அரைக் கட்டை இறக்கம்

ஒரு மணி நேரம். அதற்கு மேல் ஒரு வரிகூடப் பாடக் கூடாது என்று தொண்டை டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதுவும் சனிக்கிழமை மட்டும்தான். பாடி முடித்ததும் வாயையே திறக்கக் கூடாது, திங்கள் காலை ஆபரேஷன். அண்ணியின் குரல்நாணில் பயறு அளவுக்கு ஒரு சதை வளர்ந்திருந்தது. எடுத்துவிட்டால் பயமில்லை, குரல் திரும்பி வரும் என்றார். எந்தக் குரல் வரும் என்று நான் கேட்டதற்கு மட்டும் பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.

"இதே குரலா இருக்கலாம். கொஞ்சம் மாறியும் இருக்கலாம். இப்பவே எதுவும் சொல்ல முடியாதும்மா" என்று இழுத்தார்.

படித்த மனுஷன் சொல்கிற பதிலா இது? நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த வேகத்தைப் பார்த்து, அண்ணி என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். மாடிப்படியில் நின்றுகொண்டு விரல்விட்டு எண்ணினாள்.

"ஒரு மணி நேரம்னா ஏழு பாட்டு. சனிக்கிழமையே ரெக்கார்டு பண்ணிடலாம். ஆளுங்கள உக்கார வச்சுத்தான் பாடுவேன். சுவத்தைப் பாத்துப் பாட எனக்கு வராது."

அது உண்மைதான். போன வருஷம் ஒரு ஒலிப்பதிவு அறையில் அவளை உட்கார வைத்துப் பார்த்தோம். வண்டி நேரம் வாசிப்பதுபோல வாசித்துவிட்டு வந்தாள். அவள் வேலையும் அதுதான். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யார் பையைத் தொலைத்தார்கள் என்று காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை ஊருக்கே வழி சொல்வாள். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவளை 'மைக் அக்கா' என்பார்கள். வாரத்துக்கு மூன்று நாள் சாயங்காலம் அந்த மைக் அக்கா எங்கள் குழுவில் ப்ளூஸ் ராக் பாடுவாள். அப்போது கேட்க வேண்டும் அந்தக் குரலை. கீழே கரகரவென்று இருக்கும், மேலே போனால் பளிச்சென்று திறக்கும். அந்தக் குரலுக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்பதற்காகவே நான் முப்பத்து மூன்று வயதில் டிரம்ஸ் கற்றுக்கொண்டேன். சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

குழு ரொம்பச் சின்னது, ஐந்து பேர். அண்ணி பாட்டு. அவளைக் கட்டிக்கொண்ட என் அண்ணன் கிட்டார், பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். பேஸ் கிட்டார் வாசிப்பவர் பல் டாக்டர். எதற்கெடுத்தாலும் "வலிக்காது" என்பார், பழக்கதோஷம். மவுத் ஆர்கன் வாசிப்பவர் தபால்காரர். கடைசியாக நான். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறேன். ஒத்திகையும் அங்கேதான், அதனால்தான் குழுவுக்கு 'ஈரத்துணி' என்று பெயர். சனிக்கிழமை இரண்டு மணிக்கு இயந்திரங்கள் நிற்கும், ஐந்து மணிக்கு மறுபடி ஓடத் தொடங்கும். நடுவில் இருக்கும் நேரம் எங்களுடையது.

அந்தச் சனிக்கிழமை காலை அண்ணன் என்னைத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். முகம் சரியில்லை, ராத்திரி தூங்கியிருக்க மாட்டான்.

"கடைசிப் பாட்டுல அந்த ஒசரத்துக்கு அவ போகவே மாட்டேங்கறா, கவனிச்சியா? ஒரு மாசமா சுத்திக்கிட்டுப் போறா."

கவனித்திருந்தேன். அவளே எழுதிய பாட்டு, 'எட்டாம் நடைமேடை'. அதில் ஒரு சொல் விறுவிறுவென்று மேலே ஏற வேண்டும். ஒரு மாதமாக அண்ணி அந்த இடம் வந்தால் கீழேயே ஏதாவது முணுமுணுத்துத் தாண்டிவிடுவாள்.

"அதான், எல்லாத்தோட சுருதியையும் அரைக் கட்டை எறக்கிடலாம்னு பாக்கறேன். கிட்டார், பேஸ் ரெண்டையும். அவளுக்குச் சொல்ல வேணாம்."

"சொல்லாமலா? கண்டுபிடிச்சா நம்மள உரிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க."

"எல்லாம் சேர்ந்து எறங்கினா யாருக்குத் தெரியும்? கிட்டாரக் கேட்டுத்தான அவ சுருதி பிடிக்கறா. தொண்டைக்கு நோகாம பாடிட்டுப் போகட்டும். நல்லா வரணும்ல?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சரி என்றேன். அவள் குரல் உடைந்து பதிவாகிவிட்டால் காலத்துக்கும் அதைத்தானே கேட்க வேண்டும்? பல் டாக்டரிடம் சொன்னதும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நல்ல யோசனை. வலிக்காம முடிச்சிடலாம்" என்று பேஸின் கம்பிகளைத் தளர்த்த ஆரம்பித்துவிட்டார். என் டிரம்ஸில் ஏற்றவும் இறக்கவும் ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் என் பங்கு, அதைத் திறம்படச் செய்தேன்.

இவ்வளவு மூளையுள்ள மூன்று பேரும் ஒரு ஆளை மறந்துபோனோம். தபால்காரர் சனிக்கிழமைக் கடிதங்களைக் கொடுத்து முடித்துவிட்டு, பையோடு நேராக இரண்டே முக்காலுக்குத்தான் வந்து சேர்ந்தார். அவர் வந்த நேரத்தில் கூடம் நிரம்பியிருந்தது. காலி டிராலிகளைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பல் டாக்டரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் ஒரு வரிசை. என்னோடு வேலை செய்யும் பெண்கள் இஸ்திரி மேஜைகளின்மேல் காலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரொலி அடங்குவதற்காகச் சுற்றிலும் கொடி கட்டி நூற்றுக்கணக்கான வெள்ளை விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தோம். மூலையில், எங்களுக்குப் பதிவு செய்து தர ஒப்புக்கொண்ட காது மெஷின் கடைக்காரர் தன் கருவிகளோடு உட்கார்ந்து, யாராவது இருமினால்கூட முறைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு அண்ணி மைக் முன்னால் வந்து நின்றாள். நிலையத்துச் சீருடையை மாற்றக்கூட இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையசைத்தாள். குச்சிகளைத் தட்டி நாலு எண்ணினேன்.

என்னவென்று சொல்ல! முதல் வரியிலேயே கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு மாதமாகத் தயங்கித் தயங்கிப் பாடியவள் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனாள். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தான், பார்த்தாயா என் சாமர்த்தியத்தை என்று. இரண்டாவது பாட்டு இன்னும் பிரமாதம். முடிந்ததும் கைதட்டல் அடங்கவில்லை. அண்ணி என் பக்கம் ஓடிவந்து குனிந்தாள். கண் இரண்டும் மினுமினுத்தன.

"பாத்தியா? தொண்டை எவ்வளவு லேசா இருக்கு! அந்த டாக்டருக்கு என்ன தெரியும்?"

தலையை ஆட்டினேன். அதைவிடப் பெரிய பொய்யை நான் அதுவரை சொன்னதில்லை.

மூன்றாவது பாட்டு தபால்காரர் தொடங்கி வைக்கிற பாட்டு. அதுவரை அவர் வாசிக்க வேலையில்லாமல் ஓரமாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கிட்டார் கம்பியை முறுக்கலாம், தளர்த்தலாம். மவுத் ஆர்கனை என்ன செய்ய முடியும்? ஒவ்வொன்றும் ஒரே சுருதிக்கென்று செய்தது. அன்றைக்குத் தேவையானதென்று நாலே நாலு கொண்டுவந்திருந்தார், நாலும் எங்கள் பழைய சுருதிக்கு. கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி ஊதினார்.

அண்ணனும் பல் டாக்டரும் சேர்ந்துகொண்டார்கள். பாலில் எலுமிச்சை பிழிந்த மாதிரி எல்லாம் திரிந்தது. முன்வரிசை ஓட்டுநர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். தபால்காரர் கண்ணைத் திறந்து கையிலிருந்ததைப் பார்த்தார், உதறினார், பையிலிருந்து இன்னொன்றை எடுத்து ஊதினார். அது இன்னும் மோசம்.

"மன்னிச்சுக்குங்க, நான்தான் ஏதோ மாத்தி எடுத்துட்டேன்" என்று அந்த நல்ல மனுஷர் எண்பது பேர் முன்னால் வியர்த்து வழிந்தார்.

அண்ணி கையைத் தூக்கினாள். எல்லாம் நின்றது. தபால்காரரின் கையிலிருந்ததை வாங்கி, அதில் எழுதியிருந்த சுருதியைப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"அவர் சரியாத்தான் எடுத்திருக்காரு. நீங்க எவ்வளவு எறக்கினீங்க?"

மைக் திறந்திருந்தது. அவள் மெதுவாகத்தான் கேட்டாள், கூடம் முழுக்கக் கேட்டது. அண்ணன் கிட்டாரின் கழுத்தைத் தடவினான்.

"அரைக் கட்டைதாம்மா."

"டாக்டர், உங்களுக்கும் தெரியுமா?"

பல் டாக்டர் வாயைத் திறந்தார். வலிக்காது என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன், நல்லவேளை சொல்லவில்லை. அப்புறம் அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

"நீயுமா?"

அவ்வளவுதான் கேட்டாள். அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கத்துவது எனக்குக் கைவந்த கலை. சற்றுமுன் மினுமினுத்த கண்ணில் இப்போது என்ன இருந்தது என்று பார்க்கப் பயந்து சிம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லேசாக இருந்தது அவள் தொண்டை இல்லை, நாங்கள் போட்ட பாதை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் கொடுத்த ஒரு மணி நேரத்தில் கால் மணி நேரத்தை அவளுடையதல்லாத சுருதியில் செலவழிக்க வைத்திருந்தோம். அதை யார் திருப்பிக் கொடுப்பது?

"நோகக் கூடாதேன்னுதான்..." என்று அண்ணன் தொடங்கினான்.

"நோகட்டுங்க. ஒடையட்டும். திங்கக்கிழமைக்கு அப்புறம் எது வருமோ தெரியல. இன்னிக்கி எங்கிட்ட இருக்கறது இதான். இத எடுத்து வைக்கத்தான இத்தன பேரையும் கூட்டி வச்சிருக்கோம்? நல்லா இருக்கற மாதிரி ஒரு பொம்மைய செஞ்சு வைக்கவா?"

காது மெஷின் கடைக்காரர் தலையை நீட்டி, "எனக்கு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு, நிறுத்தணுமா?" என்று கேட்டார்.

"நிறுத்தாதீங்க" என்றாள் அண்ணி. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, நிலையத்துக் குரலில் நிதானமாக அறிவித்தாள். "பயணிகள் கவனத்துக்கு. மூணு பேர் செஞ்ச அதிகப்பிரசங்கித்தனத்தால வண்டி ரெண்டு நிமிஷம் தாமதம்."

கூடம் வெடித்துச் சிரித்தது. விசில் பறந்தது. இஸ்திரி மேஜைமேல் இருந்த பெண்கள் மேஜையைத் தட்டினார்கள். அண்ணனும் பல் டாக்டரும் தலை குனிந்து கம்பிகளை முறுக்க ஆரம்பித்தார்கள். எண்பது பேர் பார்க்கச் சுருதி ஏற்றுவது லேசான தண்டனை இல்லை. ஒவ்வொரு கம்பியும் ஏறும்போது ஓட்டுநர்கள் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ரைட்!" என்று பின்னால் வரும் வண்டிக்கு வழிகாட்டுவதுபோலக் கூவினார்கள். அண்ணியே சிரித்துவிட்டாள். ஆனால் எங்கள் மூவரையும் பார்க்கவில்லை.

பழைய சுருதியில் பாட்டு மறுபடி தொடங்கியது. தபால்காரரின் மவுத் ஆர்கன் இந்த முறை அச்சாக உட்கார்ந்தது. அண்ணியின் குரல் வழுக்கிக்கொண்டு போகவில்லை, பிடித்து ஏறியது. ஒவ்வொரு மேட்டிலும் அவள் கழுத்து நரம்பு புடைப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன். சில இடங்களில் குரலிலிருந்து மணல் உதிர்ந்தது, ஒரு இடத்தில் பாதி ஓசைதான் வந்தது. ஆனால் கூட்டம் இப்போது கேட்ட விதமே வேறு. முதல் இரண்டு பாட்டுக்குத் தாளம் போட்டவர்கள் இப்போது முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஏறினால் அவர்களும் ஏறினார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் இதுவரை அப்படி அடித்ததில்லை. நாலாவது, ஐந்தாவது, ஆறாவது என்று பாட்டுகள் ஓடியதே தெரியவில்லை. பல் டாக்டர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு குதித்தார். அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

மூன்று ஐம்பத்திரண்டு. எட்டு நிமிஷம் பாக்கி. ஒரு பாட்டு பாக்கி.

அண்ணி தண்ணீர் குடித்தாள். அண்ணன் அவள் அருகில் போய், "அந்த எடத்துல கீழயே பாடிக்கோ, பரவால்ல" என்று கெஞ்சினான். நிஜமான பயம் அவன் குரலில். அவள் எனக்குச் சைகை காட்டினாள். நாலு எண்ணினேன்.

*எட்டாம் நடைமேடையில நின்னேன், எனக்கு வண்டி வரல*
*ஆமா, எட்டாம் நடைமேடையில நின்னேன், எனக்கு வண்டி வரல*
*ஊருக்கெல்லாம் வழி சொன்னேன், எனக்குச் சொல்ல ஆளில்ல*

அந்த மூன்றாவது வரியில் வரும் 'எனக்கு' என்ற சொல்தான் ஏற வேண்டியது. முதல் சுற்றில் அவள் ஏறவில்லை, கீழேயே பாடினாள். அண்ணனின் தோள் தளர்ந்தது. இரண்டாம் சுற்றில் ஏறினாள். பாதியில் குரல் காற்றாகப் போனது. வெறும் காற்று. மைக்கில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. முன்வரிசையில் ஒரு நடத்துநர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். என் கை தானாக மெதுவாகியது.

அண்ணி திரும்பி என்னைப் பார்த்து உறுமினாள். "வேகத்தக் கொறைக்காத! உன் பங்குக்கு நீயும் எறக்காத!"

அதுவும் பதிவாகியிருக்கிறது, தெளிவாகக் கேட்கும். எனக்கு ரோஷம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்து டிரம்ஸில் போட்டேன். தபால்காரர் அவளுக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்து நீட்டி வாசித்தார். பல் டாக்டர் அடித்த அடியில் வெள்ளை விரிப்புகள் நடுங்கின. மூன்றாம் சுற்று வந்தது. அண்ணி மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்தாள். கண்ணை மூடினாள்.

*ஊருக்கெல்லாம் வழி சொன்னேன், எனக்கு...*

போனாள். பளிச்சென்று திறக்கிற பழைய குரல் இல்லை அது. நடுவில் கீறல் விழுந்து, இரண்டாகப் பிளந்து, பிளந்த இரண்டும் சேர்ந்தே மேலே போயின. நான் அதுவரை கேட்டிராத ஓசை. அங்கே போய் நின்றாள். நின்றாள். இன்னும் நின்றாள். அண்ணன் வாசிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தான். நானும் குச்சியைத் தூக்கினவள் தூக்கினபடியே இருந்துவிட்டேன். பின்னால் வெளிவந்த எங்கள் ஆல்பத்தில் அந்த இடத்தில் எட்டு எண்ணிக்கைக்கு டிரம்ஸே கிடையாது. கேட்பவர்கள் வேண்டுமென்றே விட்ட இடைவெளி, என்ன ரசனை என்கிறார்கள். ரசனையாவது ஒன்றாவது, அடிக்க மறந்துபோனேன்.

அப்புறம் கூட்டம் போட்ட சத்தத்தில் காது மெஷின் கடைக்காரர் தன் காதையே பொத்திக்கொண்டார். ஓட்டுநர்கள் டிராலிகளை உருட்டி இடித்தார்கள். யாரோ ஒரு கொடியை அறுத்துவிட, விரிப்புகள் எங்கள் தலைமேல் விழுந்தன. அத்தனையையும் மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று, அது வேறு கதை. விரிப்புக்கு அடியில் அண்ணன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புதான், தப்புதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மணி நாலு. அவள் பேச முடியாது. அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். எனக்கும் ஒன்று கிடைத்தது. அதற்கப்புறம் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரம் ஒரு சத்தமும் கூடாது என்றார்கள். சைகையும் நோட்டுப்புத்தகமும்தான். அந்த நாட்களில்தான் பாட்டுகளை வரிசைப்படுத்தினோம். இறக்கி வாசித்த முதல் இரண்டையும் தூக்கிவிடலாம் என்றான் அண்ணன், வெட்கத்தில். அண்ணி நோட்டில் பெரிய எழுத்தில் 'இருக்கட்டும். சண்டையும் இருக்கட்டும்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். அப்படியே வெளியிட்டோம். பேருந்து நிலையத்தில் அந்த மாதம் முழுக்க ஓட்டுநர்கள் வண்டியில் அதைத்தான் போட்டுக்கொண்டு சுற்றினார்கள்.

மூன்று வாரம் முடிந்த அன்று மதியம் நாங்கள் நாலு பேரும் அவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தபால்காரர் சீருடையோடே வந்திருந்தார். அண்ணி தண்ணீர் குடித்தாள், தம்ளரை வைத்தாள், எங்களைப் பார்த்தாள்.

"இப்படி எல்லாரும் வாயையே பாத்தா நான் எப்படிப் பேசறது?"

வேறு குரல். அடியில் தடித்து, இருட்டாக, கொஞ்சம் ஆண்பிள்ளைத்தனமாக. பழையது போய்விட்டது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பல் டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு நெஞ்சு வலித்தது, ஆமாம், வலித்தது. அந்தக் குரலுக்காகத்தானே நான் குச்சி பிடித்தேன்?

அண்ணி மட்டும் தன் குரலைத் தானே காது கொடுத்துக் கேட்டதுபோலத் தலையைச் சாய்த்திருந்தாள். இன்னொரு தடவை, மெதுவாக, ஒரே ஒரு ஓசையாக 'ம்' என்று இழுத்துப் பார்த்தாள். அறையின் தரையில் அது ஓடியது. அவள் முகத்தில் திருட்டுச் சிரிப்பு ஒன்று மெல்ல வந்தது.

"என்னங்க, கிட்டார எடுங்க. இது எங்க நிக்குதுன்னு பாப்போம்."

அண்ணன் எடுத்தான். திருகாணியில் விரலை வைத்தவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"எறக்கறேன்மா" என்று சத்தமாகச் சொன்னான். "அரைக் கட்டை."

"இன்னும்."

"ஒண்ணு."

"இன்னும்" என்றாள் அண்ணி. நான் என் குச்சிகளை எடுத்துக்கொண்டேன்.